பெரும்பாலோர் நலமும் ஒருவன் உரிமையும்

ஊருக்கு நன்மை என்றால் ஒருவனை வருத்தலாமா? கூடாது என்றே நம்மில் பலரும் விடை பகர்வோம். ஏன் கூடாது என்று வினவினால் விடை அத்துணை எளிதன்று.

இங்கிலாந்தின் ஜெரமி பெந்தாம், ஒரு செயலின் நன்மை தீமையை அதனால் விளையும் இன்ப துன்பங்களின் அளவைக் கொண்டே துணிதல் வேண்டும் என்று 1789-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிரபுவின் இன்பமும் ஏவலாளின் இன்பமும் அவர் கணக்கில் சரிநிகர். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் உலகில் இஃது அரிய நீதியே. ஆயினும் இயற்கை உரிமை என்பதை அவர் எள்ளி நகையாடினார். சட்டம் வழங்காத உரிமை அவருக்கு வெறுஞ்சொல். அங்ஙனமாயின், நூறு பேர் மகிழ்ச்சிக்கு ஒருவனுடைய துன்பமே விலையாகும்போது, அவன் எதைப் பற்றி நிற்பான்?

இதற்கு விடை கண்டவர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுத்தற்கன்றி ஒருவனைச் சமுதாயம் கட்டாயப்படுத்தலாகாது என்று சுதந்திரத்தைப் பற்றிய தமது 1859-ஆம் ஆண்டு நூலில் அவர் வரம்பிட்டார். ஒருவன் கருத்தை அடக்கினால், அது மெய்யாயின் உலகம் மெய்யை இழக்கும். பொய்யாயினும், தன் கொள்கைக்குக் காரணம் யாது என்பதையே உலகம் மறக்கும் என்பது அவர் வாதம். உரிமையையும் அவர் பயன் என்னும் தளத்தின் மீதே எழுப்பினார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அத்தளம் உறுதியானதா? கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் 1823 முதல் 1858 வரை பணிபுரிந்தவர் மில். தாம் பக்குவமடையாதவை எனக் கருதிய சமுதாயங்களுக்கு இச்சுதந்திரம் பொருந்தாது என்று அதே நூலில் விலக்கினார். அவர்களை முன்னேற்றுவதே நோக்கமாயின் எதேச்சாதிகாரமும் தகும் என்றார். பெண்களின் வாக்குரிமைக்காக 1867-இல் பாராளுமன்றத்தில் வாதாடிய பெருந்தகை அவர்! தீய மனத்தால் இது விளைந்ததன்று. நமது நன்மையைப் பிறர் கணக்கிடும்போது நம் பெயர் ஏட்டில் இருக்கும். நம் குரல் அங்கே இராது. சேரியை ஊருக்கு வெளியே வைத்தவனும் ஊர் நன்மை என்றே சொன்னான்.

எத்துணைப் பெரியவராயினும் ஒருவர் காலடியில் மக்கள் தம் சுதந்திரத்தை வைத்துவிடலாகாது என்ற மில்லின் எச்சரிக்கையை, 25-11-1949 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் நினைவூட்டினார். மில் விட்ட குறையை அச்சபை வகுத்த சட்டம் ஏற்கவில்லை. அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் அவ்வளவிற்குச் செல்லாது என்கிறது அதன் 13-ஆம் விதி. பொதுநலன் கருதிச் சில உரிமைகளுக்கு வரம்பு கட்டலாம். ஆனால் அவ்வரம்பு நியாயமானதா என்று 32-ஆம் விதியின்படி உச்ச நீதிமன்றத்தில் நேரே வழக்காடலாம். அவ்வாறு வழக்காட வருபவன் தன் பக்கம் எத்தனை பேர் உளர் என்று காட்ட வேண்டியதில்லை.