பெயருக்குப் பின்னால் நிற்கும் கூட்டம்



சென்னையின் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைக் கடக்கிறவர்கள் சாலையோரப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். டாக்டர், வக்கீல், ஆடிட்டர் என்று வரிசையாக வரும். பெரும்பாலும் ஓர் இனிஷியல், அடுத்து பெயர், அவ்வளவுதான். இங்குள்ள கல்லூரிகளில் மருத்துவமும் பல் மருத்துவமும் படிக்க வரும் வெளிமாநில மாணவர்களுக்கு இது சற்றுப் புதிதாக இருக்கும். இந்தியாவின் பல பகுதிகளில் பெயரின் பின்பாதியே ஒருவருடைய சாதியைச் சொல்லிவிடும்.

நூறு வருஷத்துக்கு முன்பு இந்தப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. முதலியார், நாயக்கர், செட்டியார், பிள்ளை என்று பட்டத்தோடு கையெழுத்துப் போடுவதுதான் கௌரவம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் தலைமை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. இயக்கத்தின் தலைவர் ஈ.வெ.ரா. பெரியார் அதற்கு முன்பே தம்முடைய பட்டத்தை விட்டிருந்தார். தொண்டர்கள் பலர் பின்தொடர்ந்தார்கள்.

இதற்காக எந்தச் சட்டமும் வரவில்லை, யாருக்கும் அபராதம் விதிக்கப்படவில்லை. தெருப் பெயர்களில் இருந்த சாதியை நீக்க எம்.ஜி.ஆர். அரசு முனைந்ததே எழுபதுகளின் கடைசியில்தான். ஆட்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மாறத் தொடங்கிவிட்டார்கள். மேடையில் பேசுகிறவர் பட்டம் போடவில்லை, பத்திரிகையில் எழுதுகிறவர் போடவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியாரும் போடவில்லை. அதன் பிறகு போடுகிறவருக்குத்தான் கூச்சம். இன்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் அப்பாக்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் சேர்க்கும் எண்ணமே வருவதில்லை. கொள்கை தெரியாதவரும் வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார். ஒரு கூட்டத்தின் பழக்கம் தனிமனிதருக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கும்.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் இதையே ஓர் அறைக்குள் வைத்துப் பார்த்தார். ஒரு கோடு காட்டப்படும். பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் அதே நீளமுள்ளது எது என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒரே ஒருவர் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசி வைத்தவர்கள். அவர்கள் வாய்கூசாமல் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட சுற்றுகளில், சோதனைக்கு வந்தவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு சேர்ந்து தவறாகப் போனது. நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது தம் கண்ணை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள்.

செங்கல்பட்டில் நல்லது செய்த இந்தச் சக்திக்கு நல்லது கெட்டது தெரியாது. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறு கட்டுகிறார்கள். நிறத்தைப் பார்த்தே எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளலாம். பதிமூன்று வயதுப் பையன் கூட்டாளி கட்டினான் என்று கட்டுகிறான், கட்டாவிட்டால் தனியாக நிற்க வேண்டும். தாத்தா கையெழுத்திலிருந்து அழித்ததைப் பேரன் மணிக்கட்டில் சுமக்கிறான். இதைச் சொல்லும்போதே நெஞ்சு கனக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டியவர்கள், அவரோடு அதே பள்ளியில் படித்தவர்கள்தான்.

பட்டம் போனதால் சாதி போய்விடவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011–12 கணக்குப்படி, நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். பெயரைப் பொதுவில் சொல்கிறோம், அங்கே ஊர் பார்க்கிறது. கல்யாணப் பேச்சு வீட்டுக்குள் நடக்கிறது. அங்கே பார்க்கும் கண்கள் சொந்தக்காரர்களுடையவை, அவர்கள் எதிர்பார்ப்பது வேறு.

ஆஷ் செய்த சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். அந்த ஒரு துணை கிடைத்ததும் கூட்டத்தோடு ஒத்துப்போவது முன்பு இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கட்டுவதற்குத் தடை வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. இன்னொரு பரிந்துரை அவ்வளவாகப் பேசப்படவில்லை: வகுப்பில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். அப்படி உட்கார்ந்தால் ஒரே தெருப் பையன்கள் ஒரே பெஞ்சில் சேர்ந்து இருப்பது அரிது. கயிறு கட்டாத ஒருவன் வருஷம் முழுவதும் பக்கத்தில் இருக்கக்கூடும். கணக்கு நோட்டை அவனிடம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.