காற்றுவாக்கில் வந்த குரல்கள்

அரியலூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர்க் கடை ஒன்று இன்னும் மூடாமல் இருக்கிறது. வேலை என்னவோ மிக்ஸியும் சார்ஜர் விளக்கும்தான். மேல்தட்டில் மட்டும் ஒரு மர்பி, ஒரு புஷ், இரண்டு பிலிப்ஸ், சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசியோடு உட்கார்ந்திருக்கின்றன. “விக்கிறதுக்கு இல்லீங்க, கெடக்கட்டும்னு வச்சிருக்கேன்” என்பார் கடைக்காரர்.

போன வாரம் நான் கேட்காமலே மர்பியை இறக்கித் துடைத்து, பிளக்கைச் செருகினார். வால்வு செட் போட்டவுடன் பாடாது. சூடேற அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் பெட்டியைப் பார்த்தபடி இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். முதலில் உறுமல். பிறகு திருச்சி நிலையம். யாரோ மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு என்ன மருந்து அடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பாட்டு வந்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

*

எங்கள் ஊர் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். கரிசல், பருத்தி, கிணற்றுப் பாசனம். பெரியப்பா கவலை ஓட்டும்போது பாகவதர் பாட்டுத்தான் பாடுவார். மாடு பின்னால் நடக்கும்போது பல்லவி, சால் ஏறும்போது மூச்சுப் பிடித்துச் சங்கதி. நான் பாகவதரை முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான். பல வருஷம் கழித்து இசைத்தட்டில் அசல் குரலைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அட, பெரியப்பா மாதிரியே பாடுகிறாரே!

மெட்ராஸ் போகும் ரயில் அரியலூரில் நின்றபோது ஜன்னலோரத்தில் பாகவதரின் வைரக் கடுக்கன் மின்னியதைக் கண்ணால் கண்டதாகப் பெரியப்பா சொல்வார். ஒரு பொங்கலன்று பெரியம்மா குறுக்கே புகுந்து, “பாத்தது இவரில்ல, இவரு மாமா” என்று போட்டு உடைத்தார். பெரியப்பா மறுக்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அதே கதையை, இன்னும் கொஞ்சம் வெளிச்சமான கடுக்கனோடு, மறுபடி சொன்னார்.

*

பாகவதர் மாயவரத்தில் பிறந்தாலும் வளர்ந்தது திருச்சி. அதனால் எங்கள் பக்கத்தில் அவரை ‘நம்ம ஆளு’ என்றுதான் பேசுவார்கள். 1934-ல் பவளக்கொடி, ஐம்பது பாட்டுகள் கொண்ட படம். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், மெட்ராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் அங்கே ஓடிக்கொண்டிருக்க, நாயகன் ஜெயிலில் இருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் கைது செய்திருந்தார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் விடுதலை.

வெளியே வந்தபோது குரல் அப்படியே இருந்தது, சினிமாதான் மாறிவிட்டது. வேலைக்காரி, பராசக்தி என்று வசனத்துக்குக் கைதட்டும் காலம் வந்துவிட்டது. பாடத் தெரியாதவரும் பின்னணிக் குரலை வைத்துக்கொண்டு நாயகனாகலாம் என்றாகியிருந்தது. ராஜமுக்தியும் அமரகவியும் வந்து போயின. 1959 நவம்பர் 1-ல் இறந்தபோது வயது 49.

டூரிங் கொட்டகைக்குப் படம் வருஷக்கணக்கில் தாமதமாகத்தான் வரும். ஆக, பெரியப்பா ஹரிதாஸ் பார்த்தபோது பாகவதர் ஏற்கெனவே பழைய ஆள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் ஒருநாளும் புதுசாக இருந்ததே இல்லை. வரும்போதே ஞாபகமாக வந்தவர்.

(ஹரிதாஸை நான் டிவியில் பார்த்தேன். பாதியில் தூங்கிவிட்டேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை.)

*

எங்கள் பக்கம் சாத்தனூரில் கல்லான மரம் இருக்கிறது. 12 கோடி ஆண்டுப் பழமை என்கிறார்கள். காரைப் பக்கம் ஓடைகளில் கடல் சிப்பியும் நத்தைச் சுருளும் கல்லாகிக் கிடக்கின்றன; இந்த மேட்டு நிலம் ஒரு காலத்தில் கடல். பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அதையும் பழைய நினைவையும் முடிச்சுப்போட்டு ஒரு கவிதை எழுதிவிடுகிறார்கள். எனக்கு அந்த முடிச்சு விழவில்லை. கல் மாறாமல் கிடக்கும். பெரியப்பாவின் கடுக்கன் வருஷத்துக்கு வருஷம் பெரிதானது.

*

கல்யாண வீட்டில் ‘ரேடியோ செட்’ என்றால் ரேடியோ கிடையாது. ஆம்ப்ளிபயர், இசைத்தட்டுப் பெட்டி, வேப்பமரத்தில் கட்டும் இரண்டு குழாய். செட்டுக்காரப் பையன் முந்தின நாள் சாயந்திரமே வந்துவிடுவான். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் ராத்திரியில் திருவிளையாடல் கதைவசனம். தருமிக்கும் சிவனுக்கும் நடக்கும் வாக்குவாதத்தை, படமே பார்க்காத கிழவிகள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார்கள். கே.பி.சுந்தராம்பாள் குரல் குழாயில் வந்தால் அரை மைல் தள்ளி நாற்று நடுகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வாள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி பழகிய குரல் அது. குழாய் அதற்கு உபரி.

ஒன்றை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். பஞ்சாயத்து ரேடியோ இருந்தது ஊர்த்தெருவில். திண்ணையில் யார் உட்காரலாம், புளியமரத்தடியில் யார் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் காலம் போல வருமா என்று நாங்கள் உருகும்போது, காலனியிலிருந்து வந்து எங்களோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார்: “எந்த இடத்துல நின்னு கேட்டீங்க?”

*

சிலோன். எங்கள் வயசுக்காரர்கள் இலங்கை வானொலி என்று எழுதுவோம், சிலோன் என்று சொல்வோம்.

அது ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து அவ்வளவு தெளிவாக வந்தது என்று கடைக்காரரைக் கேட்டேன். சோல்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். மத்திய அலை தரையோடு தவழ்ந்து போகும். உப்புநீரின் மேல் வறண்ட மண்ணைவிட நன்றாகப் போகும். பொழுது சாய்ந்தால், பகலில் அலையை விழுங்கும் வானத்துக் கீழ் அடுக்கு கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய் முட்டித் திரும்பி, தொலைதூரத்தில் இறங்கும். முட்டும் கூரை நிலையாக இல்லாததால் குரல் ஏறி இறங்கி அலைபாயும். “அலை அடிக்குதுன்னு சொல்வோமில்ல, நெசமாவே அலைதான்” என்றார்.

நாங்கள் சிலோனைத் தேடிப் போனதற்கு இன்னொரு காரணம் டெல்லியில் இருந்தது. 1952-ல் ஒலிபரப்புத்துறைக்கு மந்திரியான பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலி கைவிட்டதைக் கொழும்பு எடுத்துக்கொண்டது. அங்கே உலகப்போரின்போது மவுண்ட்பேட்டனின் படைத் தலைமைக்காக நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் இருந்தது. போர்ச் செய்தி சொல்ல வந்த இயந்திரம், ஆசியா முழுக்கச் சினிமாப் பாட்டு அனுப்பியது. அமீன் சயானியின் கீத்மாலா நிகழ்ச்சியை வடக்கே தெருத்தெருவாகக் கேட்டதும் இந்தக் கொழும்பிலிருந்துதான். டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆயிற்று. அதற்குள் காது பழகிவிட்டது.

திருச்சி நிலையத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1939-லிருந்து இருக்கும் நிலையம். அறுபதுகளில் அது ஏ.டி.டி.27 நெல்லைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே, தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சோற்றுக்குத் திருச்சி, பாட்டுக்குச் சிலோன். வீட்டில் முள் இந்த இரண்டுக்கும் நடுவேதான் நகரும்.

*

பாட்டு எங்கள் ஊர்ப் பாட்டுதான். கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. அதைக் கூட்டிவந்த தமிழ்தான் வேறு. எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, கடித்துத் துப்பாத உச்சரிப்பு. ராஜா மூச்சு விடாமல் கொட்டுவார்; ஆனாலும் ‘ழ’ நழுவாது. எங்கள் தமிழய்யா லகர ளகரப் பிழை விடுகிறவனிடம் “நாளைக்குச் சிலோன் கேட்டுட்டு வா” என்பார். அதுதான் அவர் தந்த ஒரே வீட்டுப்பாடம்.

நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டு மாசக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். ஒரு ராத்திரி, நீளமான பெயர்ப் பட்டியலில் ‘செந்துறை’ என்ற ஊர்ப்பெயர் காதில் விழுந்தது. என் பெயர் இல்லை, என் ஊரும் இல்லை. ஆனாலும் எழுந்து உட்கார்ந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரை, கடலுக்கு அப்பால் ஒருவர் பிசகில்லாமல் சொல்கிறார். அந்த ஊர் அன்றுமுதல் எனக்குக் கொஞ்சம் பெரிய ஊராகிவிட்டது.

இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குரல்களைப் பழைய மாதிரி கேட்க முடியவில்லை. குரல் மாறவில்லை; செய்தி மாறிவிட்டது. பாட்டுக்கு நடுவே அவர்கள் சொல்லாமல் விடுவதையும் கேட்க ஆரம்பித்தோம். 1989-ல் கே.எஸ்.ராஜா கொல்லப்பட்டார். டீக்கடையில் பேப்பரைப் படித்தவர் மடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “அவரு மூஞ்சி எப்படியிருக்கும்னே தெரியாதே” என்றார்.

*

மகன் துபாயிலிருந்து வந்தபோது கார்வான் வாங்கிக் கொடுத்தான். பழைய ரேடியோ மாதிரியே தோற்றம், உள்ளே 5000 பாட்டு. நல்ல பொருள். குறை சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். டி.எம்.எஸ். குமிழைத் திருகினால் டி.எம்.எஸ்.தான் வருகிறார். அவரே பாகவதரின் சாயலில் பாடத் தொடங்கியவர் என்பது கேட்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும். உச்சத்தில் ஏறும் இடத்தில் கவலை மாடும் நினைவுக்கு வரும்.

குரல் தேய்வதில்லை, பக்கத்து நிலையம் வந்து மோதுவதில்லை. சரணத்தில் அலை இறங்கிப் பாட்டு மங்கும்போது விட்ட வார்த்தையை நாமாகப் போட்டுக்கொள்வோமே, அந்த வேலையும் இல்லை. ஐம்பது வருஷமாக நான் தப்பான வார்த்தை போட்டுப் பாடிவந்த மூன்று பாட்டுகளை இந்தப் பெட்டி திருத்திவிட்டது. என் வார்த்தை ஒன்று அசலைவிடத் தேவலாம் என்பது என் எண்ணம். வெளியே சொல்வதில்லை.

பாட்டெல்லாம் பெட்டிக்குள் வந்துவிட்டது. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் சொன்னது மட்டும் வரவில்லை. அதில் பெரும்பகுதியை யாரும் பதிந்து வைக்கவில்லை. கடைக்காரருக்குக் கொஞ்சம் ஞாபகம், எனக்குக் கொஞ்சம். ஒத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துவதில்லை.

*

இன்று காலை பெரியப்பா வயல் பக்கம் போனேன். இப்போது அதைக் குத்தகைக்கு எடுத்தவர் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். பட்டறை ஓரம் ஏழெட்டுப் பெண்கள் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கவிழ்த்த கூடையின் மேல் ஒரு செல்போன், அதில் பி.சுசீலா. டவர் சரியில்லை, பாட்டு நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. போன்காரப் பெண் தட்டிப் பார்த்தாள். கடைசியில் உட்கார்ந்திருந்த ஆயா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், நின்ற இடத்திலிருந்து எடுத்து அடுத்த அடியைப் பாடினாள். தப்பான வார்த்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன் மறுபடி பாடத் தொடங்கியபோது ஆயா இரண்டு அடி முன்னால் போயிருந்தாள். யாரோ போனை அணைத்துவிட்டார்கள்.