பதவிக்குப் பின் பெயர்

பதவியை இறக்கிவைத்துவிடலாம். பதவி ஒட்டவைத்த பெயரை இறக்கிவைக்க முடிவதில்லை. ஆட்சித் தலைவர்களின் பிற்கால வாழ்க்கையை ஓய்வு, தோட்டம், சுயசரிதை என்று பார்ப்பது மேலோட்டமான பார்வை. அங்கு இருக்கும் தார்மீகப் பிரச்னை ஒன்றுதான்: திருப்பிக் கொடுக்க வழியில்லாத அந்தப் பெயர் யாருடையது?

ட்ரூமன் 1953ல் வெள்ளை மாளிகையை விட்டுச் சொந்த ஊருக்கு ரயிலேறினார். அவருடைய பெயரை வாங்கக் கம்பெனிகள் தயாராக இருந்தன. பதவியின் கௌரவம் தனக்குச் சொந்தமில்லை, விற்பதற்கில்லை என்று மறுத்தார். நினைவுக் குறிப்புகளை விற்றார். ஜெர்மனியின் ஷ்ரோடர் எதிர்முனை. ரஷ்ய எரிவாயுக் குழாய்த் திட்டத்தைச் சான்ஸலராக ஆதரித்தார். 2005ல் பதவி போன சில வாரங்களில் அதே குழாய்க் கம்பெனியில் தலைமைப் பொறுப்புக்கு இசைந்தார். இவரைக் கண்டிப்பது சுலபம். சுலபம் என்பதாலேயே அங்கு சிந்தனைக்கு வேலையில்லை.

சிக்கல் கார்ட்டரிடம். 1980 தேர்தலில் தோற்றவர். பெயரைப் பணமாக்கவில்லை, காரியமாக்கினார். நரம்புச் சிலந்தி நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசியில்லை. குடிநீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். 1986ல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2024 டிசம்பரில் அவர் இறந்தபோது ஆண்டுக்கு இருபது பேருக்கும் குறைவாகிவிட்டது. அதே கார்ட்டர் 1994 ஜூனில் வடகொரியா சென்றார், தனிமனிதராக. கிம் இல் சுங்குடன் பேசினார். அணுத் திட்டம் நிறுத்திவைக்கப்படும் என்று, வாஷிங்டன் தன் முடிவை எடுக்குமுன், தொலைக்காட்சியில் அறிவித்தார். ஒரு யுத்தம் தவிர்ந்திருக்கலாம். ஆனால் அவரைப் பேச அனுப்பிய ஜனங்கள் யார்? பேச்சு பிசகியிருந்தால் அவரை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

நல்லெண்ணம் இதற்குப் பதிலாகாது. பதவியிலிருப்பவனிடம் நாம் நல்லெண்ணத்தை மட்டும் கேட்பதில்லை, கணக்கும் கேட்கிறோம். பதவி போனபின் கணக்குக் கேட்க ஆளில்லை. பெயர் மட்டும் அதிகாரம் செலுத்திக்கொண்டிருக்கிறது.

ஆப்பிரிக்கக் கிராமத்தில் நடந்தது வேறு. அங்கு பெயர் கதவைத் திறந்துவிட்டது, பணம் கொண்டுவந்தது, அத்தோடு சரி. மீதியைத் துணிதான் செய்தாக வேண்டும். யார் ஜனாதிபதியாக இருந்தார் என்பது புழுவுக்குத் தெரியாது. பியாங்யாங்கில் பெயர் ஒன்றுதான் வேலை செய்தது. அது பதவி இல்லாத பதவி. ட்ரூமன் விற்க மறுத்தது இந்தப் பெயரைத்தான். ஆனால் விற்காமலிருப்பதோடு பிரச்னை தீரவில்லை. இலவசமாகச் செலவழிப்பவனும் பிறர் சொத்தையே செலவழிக்கிறான்.