மறுபடியும் கேட்பது

குழந்தையைக் கடத்திக் கொன்றதாகத் தண்டனை பெற்றவன் மேல்முறையீடு செய்கிறான் என்ற செய்தி வந்ததும் ஊரில் முதலில் எழும் கேள்வி, "இவனுக்கெல்லாம் எதுக்கு வக்கீல்?" என்பதுதான். இதைக் கேட்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளை வளர்ப்பவர்களின் வயிற்றெரிச்சல் அது. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தப்பான கணக்கு இருக்கிறது. குற்றவாளியின் வாதத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் செத்துப்போன குழந்தையிடமிருந்து பிடுங்கியது என்ற கணக்கு.

குற்றம் கொடூரமாக இருக்கும்போது சாட்சியம் தன் பலத்துக்கு மேல் பெரிதாகத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளையின் பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு நிமிரும் எவருக்கும், எதிரே கூண்டில் நிற்பவன் மேல் கோபம் வராமல் இருக்காது. அவன்தான் செய்தான் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லாமல் இருக்கலாம். கோபம் அதைக் கவனிப்பதில்லை. மேல்முறையீடு என்ற ஏற்பாட்டின் முதல் வேலையே இந்த இடைவெளியைப் பார்ப்பது.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் ஸ்டீபன் கிஸ்கோ வழக்கு காட்டியது. 1975 அக்டோபரில் ராச்டேல் நகரில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். வரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கிஸ்கோவைப் போலீஸ் வழக்கறிஞர் இல்லாமலே விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது. ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நம்பியதாக அவர் பின்னால் சொன்னார். 1976இல் ஆயுள் தண்டனை. 1978இல் மேல்முறையீடு தள்ளுபடி. குழந்தையின் உடையில் இருந்த கறையில் விந்தணுக்கள் இருந்தன. கிஸ்கோவின் உடலோ விந்தணுவை உற்பத்தி செய்யவே இயலாதது. இந்தப் பரிசோதனை முடிவு விசாரணைக் காலத்திலேயே இருந்தும் எதிர்த்தரப்பு கைக்குப் போகவில்லை. சிறையில் சக கைதிகளிடம் அடிபட்டு, மனநோய்க்கு ஆளாகி, பதினாறு ஆண்டுகள் கழித்து 1992இல் அவர் வெளியே வந்தார். மறு ஆண்டே இறந்துபோனார். அவருக்காக விடாமல் போராடிய தாயும் சில மாதங்களில் இறந்தார். உண்மையான கொலையாளி மரபணுச் சோதனையில் சிக்கித் தண்டிக்கப்பட்டது 2007இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவன் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தான். 1978இல் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானபோது தோற்றது கிஸ்கோ மட்டும் இல்லை. அந்தச் சிறுமியும்தான்.

இது எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடிய பாதி. நிரபராதி என்றால் யாருக்கும் மனம் இளகும். குற்றம் உறுதியான பிறகும் ஒருவன் "மறுபடியும் கேளுங்கள்" என்றால் என்ன செய்வது?

கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலைய எல்லையில் 2009 ஜூலை 27 அன்று, பள்ளியிலிருந்து திரும்பிய ஏழு வயதுச் சிறுவன் கடத்தப்பட்டான். ஐந்து லட்சம் ரூபாய் கேட்டு ஃபோன் வந்தது. பிறகு சாக்குப் பையில் கட்டப்பட்ட உடல் குளத்திலிருந்து எடுக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சீராய்வு மனுவும் அதே ஆண்டு தள்ளுபடி. தூக்கு வழக்குகளில் சீராய்வைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என்று 2014இல் வேறொரு வழக்கில் தீர்ப்பு வந்ததால் இந்த மனுவுக்கு மறுபடியும் உயிர் வந்தது. 2023 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் தூக்கை ரத்து செய்து, தண்டனைக் குறைப்பு இல்லாமல் இருபது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது.

குற்றத் தீர்ப்பு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஃபோன் அழைப்புப் பதிவுகள் சட்டப்படியான சான்றிதழ் இல்லாமல் தாக்கலாகியிருந்தன. நீதிமன்றம் அவற்றை ஒதுக்கிவைத்தது. மீதமிருந்த சாட்சியமே குற்றத்தை நிரூபிக்கப் போதும் என்றது. மாறியது, தூக்குக்குச் சொன்ன காரணங்கள் மேல் இருந்த நம்பிக்கை.

அவற்றில் ஒன்று மனதை உறுத்தக்கூடியது. பெற்றோருக்கு மூன்று பெண்கள், ஒரே ஆண் பிள்ளை. வம்சத்தைத் தொடர வேண்டிய ஒரே மகனைக் கொன்றது குற்றத்தை இன்னும் கொடியதாக்குகிறது என்று 2013 தீர்ப்பு கருதியது. அந்த வீட்டில் இருந்த மூன்று பெண் பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். சகோதரனைப் பறிகொடுத்த துக்கத்தோடு, அவனுக்குப் பதில் தங்களில் ஒருத்தி செத்திருந்தால் குற்றத்தின் எடை குறைந்திருக்கும் என்ற பொருள் தரும் வரியும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் ஏட்டில் ஏறியது. குழந்தை ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கொலையை நிறுக்கக் கூடாது என்று 2023 தீர்ப்பு அந்த வரியைத் திருத்தியது. இந்தத் திருத்தம் அந்தப் பெண்களுக்கும் சேரவேண்டிய நியாயம். ஆனால் அதைக் கேட்டு வாசலில் நின்றது தண்டனை பெற்றவன் போட்ட மனு. அவன் கேட்காமல் இருந்திருந்தால் அந்த வரி அப்படியே கிடந்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றே ஒன்றுக்கு உண்மையான கனம் உண்டு. பதினான்கு ஆண்டுகள்! ஒவ்வொரு வாய்தாவிலும் பெற்றோரின் புண் மறுபடி கீறப்படுகிறது. முடிந்தது என்று மூச்சுவிடும்போது இன்னொரு மனு வருகிறது. இந்த வலியை எந்தச் சட்ட நுணுக்கமும் ஆற்றாது. "நீதி கேட்டது போதும்" என்று அவர்கள் சொன்னால் பதில் சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை.

ஆனால் தாமதம் எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். இந்த வழக்கில் குற்றம் நடந்த ஓராண்டில் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. அடுத்த இரண்டே மாதத்தில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சம்பவம் நடந்த நாளிலிருந்து பதினான்கு மாதத்தில் இரண்டு நீதிமன்றங்களும் வேலையை முடித்துவிட்டன. அந்த வேகத்தில், இருபத்து மூன்று வயதான, முன்பு எந்தக் குற்றமும் செய்திராத அந்த ஆளின் வாழ்க்கை எப்படிப்பட்டது, திருந்துவதற்கு வழி உண்டா என்ற விசாரணை உருப்படியாக நடக்கவில்லை. அதைச் செய்ய உச்ச நீதிமன்றத்துக்குப் பத்தாண்டு பிடித்தது. கீழே மிச்சம் பிடித்த சில வாரங்களுக்கு மேலே வட்டியோடு கட்ட வேண்டியதாயிற்று, கட்டியவர்கள் பெற்றோர். மேல்முறையீட்டைச் சுருக்கு என்று கோரும் குரல், விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை பற்றிய வாதத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

தூக்கு கேட்கும் வழக்குகளில் குற்றவாளியின் குடும்பப் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை ஆகியவற்றை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலையுண்ட குழந்தையின் பெற்றோர் பதினான்கு ஆண்டு காத்திராமல் இருக்க, மாவட்ட நீதிமன்றத்தில் அந்த ஏடுகளைக் கேட்டு வாங்கும் நீதிபதியும், சட்ட உதவியில் அமர்த்தப்பட்டாலும் அவற்றைப் படித்துவிட்டு எழுந்து பேசும் வழக்கறிஞரும் வேண்டும்.