விறாந்தையில் இருந்தவன்

கற்பிட்டியில் மஃரிபுக்குப் பிறகு ஓர் இரவு வகுப்பு எடுக்கிறேன். சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர்களுக்கு. பதினெட்டு வயதுப் பொடியனும் வருகிறான், இரண்டு பிள்ளைகளின் வாப்பாவும் வருகிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. முகாம் கொட்டிலில் வாப்பாவின் படிப்பு அறுந்துபோன வீட்டில், மகனுக்குக் கொப்பி பிடிக்கவே கை வராது.

அவர்களில் ஒருவனுக்கு வயது 23. வாடைக் காலத்தில் கரைவலை இழுப்பவன். கடைசி வாங்கில் இருந்து போனில் பாட்டுப் போடுவான். நான் சதவீதம் சொன்னால் என் குரலிலேயே திருப்பிச் சொல்லுவான், வாங்கே சிரிக்கும். ஒருநாள் பொறுக்க முடியவில்லை, வெளியே போகச் சொன்னேன். “சரி சேர்” என்று எழும்பிப் போனான்.

வகுப்பைப் பூட்டும்போது விறாந்தைப் படியில் இருந்தான். கூட்டாளியைப் பைக்கில் ஏற்றிப்போக நின்றானா, பாடம் காதில் விழட்டும் என்று இருந்தானா, தெரியாது. ஸலாம் சொல்லாமல் அவனைக் கடந்து போனேன்.

வீடு போகும் வரை ‘அபஸ’ ஸூராவைத்தான் எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். குர்ஆனின் 80ஆவது அத்தியாயம். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்த வேளையில், கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) கற்றுக்கொள்ள வந்து குறுக்கே கேட்டார். நபியவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டார்கள். அதற்காக வஹி இறங்கி அவர்களைத் திருத்தியது. தேடி வந்தவரை விட்டுவிட்டுத் தேவையில்லை என்றிருப்பவன் பின்னால் போக வேண்டாம் என்றே இருபது வருடமாக அதை விளங்கி வைத்திருந்தேன். முன்வாங்கில் ஆர்வமுள்ள நாலு பேர் போதும், பின்வாங்கு அல்லாஹ் விட்ட வழி என்று.

அன்று இரவு தர்ஜுமாவை எடுத்து மறுபடி வாசித்தேன். வந்தவருக்குக் கண் தெரியாது. அந்த முகச்சுளிப்பை அவர் காணவே இல்லை. காணாதவரிடம் சுளித்த முகத்துக்குத்தான் அத்தனை கண்டிப்பு! இருட்டில் நான் விழுங்கிய ஸலாமை அவன் கவனித்தானோ இல்லையோ, அது எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்று அதைவிடக் குத்தியது. தங்களுக்கு எதுவும் தேவையில்லை என்றிருந்தவர்கள் மக்காவின் செல்வாக்குள்ளவர்கள். என் பின்வாங்கில் செல்வாக்குள்ளவன் யார்? விடியுமுன் எழும்பி வலை இழுப்பவன், சம்மாட்டியிடம் முற்பணக் கடன் இருப்பவன், அந்த உடம்போடு இரவு ஏழு மணிக்கு வாங்கில் வந்து குந்தியிருக்கிறான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. தேடி வந்தவனைத் தேவையில்லை என்றிருந்தவர்களின் வரிசையில் நான்தான் நிறுத்தினேன்.

கிழ்ர் (அலை) அவர்களும் தம்மிடம் கற்க வந்த மூஸா (அலை) அவர்களை, பொறுமையிழந்து கேட்ட மூன்றாம் தடவையில் பிரிந்துவிட்டாரே என்று மனம் வாதாடியது. பிரிந்தார்தான். ஆனால் மூன்று காரியங்களின் உள்விளக்கத்தையும் சொல்லிவிட்டே பிரிந்தார். நான் விளக்கமாக ஒன்றும் சொல்லவில்லை. மாணவனின் குற்றத்தைக் குறிப்பால் உணர்த்து, நேரே கண்டித்தால் மரியாதையின் திரை கிழிந்து எதிர்க்கும் துணிவு வந்துவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எச்சரித்திருப்பதும் எனக்குத் தெரியாததல்ல.

அதற்காக அவனை வெளியே அனுப்பியது பிழை என்று இன்றும் சொல்ல மாட்டேன். முன்வாங்கில் இருக்கும் அந்த வாப்பா, பரீட்சைக்குக் கடைசித் தடவை இருப்பவர். சத்தத்தில் தொலைந்த அவருடைய அரைமணி நேரத்துக்கும் மறுமையில் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு அமானிதங்கள் ஒரே அறையில் மோதுகின்றன. ஒன்றைக் காக்க மற்றதைக் கொஞ்சம் வெளியே வைக்க வேண்டி வரலாம். ஆனால் வெளியே வைத்தவனிடம் போய்ப் பேசும் கடமை தீர்வதில்லை. நேர்வழி காட்டுவது அல்லாஹ்வின் கையில் என்ற ஈமானை, அந்தக் கடமையிலிருந்து தப்பும் கதவாக ஆக்கிவைத்திருந்தேன்.

அடுத்த வாரம் கரைவலை தொடங்கிவிட்டது. ஆறு மாதம் அவன் வரவில்லை. இரண்டு தடவை வாடிப் பக்கம் போனேன், இரண்டு தடவையும் கடலில் நின்றான்.

கச்சான் காற்று எழும்பிய பிறகு ஒருநாள் வந்தான். வாசலிலேயே ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டுப் பழைய வாங்கில் போய் இருந்தான். இப்போதும் பேசுகிறான், போனும் பாடுகிறது. முதல் பத்து நிமிடம் மட்டும் கரும்பலகையைப் பார்க்கிறான். விகிதக் கணக்கை அந்தப் பத்து நிமிடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.