பதக்கம் பிறகு வரட்டும்

பின்புலம் இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை, சிபாரிசு செய்ய ஆளில்லை என்று இன்னும் எத்தனை நாள் புலம்பப் போகிறாய் தம்பி? உன்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு தேசம் சட்டம் போட்டிருக்கிறது.

1802 மே 19. பிரான்ஸின் முதல் கான்சலாக, அதாவது ஆட்சித் தலைவராக இருந்த நெப்போலியன் போனபார்ட், 'லெஜியன் ஆஃப் ஹானர்' என்ற விருதை நிறுவிய நாள். அதற்கு முந்தைய மன்னராட்சியில், நாட்டின் மிக உயர்ந்த விருது மார்பில் ஏற வேண்டுமென்றால் பிரபு குலத்தில் பிறந்திருக்க வேண்டும். புரட்சி வந்தது, பட்டங்களையெல்லாம் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியது. அதன்பின் உயிரைப் பணயம் வைத்துப் போராடிய சிப்பாய்க்கு மரியாதைக்கென்று ஒரு துப்பாக்கி கொடுத்தார்கள், குதிரைவீரனுக்குக் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி கொடுத்தார்கள். முரசு கொட்டுகிற பையனுக்கு? வெள்ளிப் பூண் போட்ட முரசுக் குச்சிகள்! சிரிக்காதே. குண்டு பறக்கும் மைதானத்தில், கையில் ஆயுதமில்லாமல், தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டு முன்னே நடப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்.

புதிய விருது அதையும் தாண்டியது. போர்வீரனுக்கும் குடிமகனுக்கும் ஒரே பதக்கம். தளபதி அணிவதும் விஞ்ஞானி அணிவதும் அதே சிவப்பு நாடா. இதன் முதல் பெருந்தலைவராக யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? தளபதி யாரையும் அல்ல. மீன்களையும் பாம்புகளையும் ஆராய்ந்து புத்தகம் எழுதிக்கொண்டிருந்த லாசெபேத் என்பவரை! கடைநிலை உறுப்பினருக்கு அன்று ஆண்டுக்கு 250 பிராங்க் மானியமும் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை நீ என்று கேட்ட காலம் போய், என்ன செய்தாய் நீ என்று கேட்கும் காலம் வந்தது.

எதிர்ப்பு இல்லாமலா? சட்டமன்றத்தில் ஆதரவு 166, எதிர்ப்பு 110. விரட்டிய பிரபுத்துவத்தைக் கொல்லைப்புறமாக அழைத்து வருகிறீர்கள் என்றார்கள். இவையெல்லாம் விளையாட்டுச் சாமான்கள் என்று ஆலோசனைச் சபையில் ஒருவர் ஏளனம் செய்தபோது, இந்த விளையாட்டுச் சாமான்களை வைத்துத்தான் மனிதர்களை நடத்த முடியும் என்று நெப்போலியன் பதிலடி கொடுத்ததாகச் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மிட்டாய் காட்டினால்தான் நடப்பேன் என்பவன் மிட்டாய் தீர்ந்ததும் உட்கார்ந்துவிடுவான்.

  

மிட்டாய்க்காக நடக்காத ஒருத்தியைச் சொல்கிறேன். ஆஞ்செலிக் ப்ரூலோன். ராணுவ வீரனான கணவன் இறந்தபோது அவளுக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அழுதுகொண்டு மூலையில் முடங்கவில்லை. கணவன் இருந்த படைப்பிரிவிலேயே சேர்ந்தாள். 1794, கோர்சிகா தீவில் கால்வி நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கோட்டை. ஆங்கிலேயர் தாக்குகிறார்கள். அவளுக்கு வலக்கையில் வாள்வெட்டு, இடக்கையில் குத்துவாள் காயம். கோட்டையிலோ வெடிமருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது. நடுராத்திரியில், அந்தக் கைகளோடு கால்விக்குக் கிளம்பினாள். அங்கே பெண்களைத் தட்டியெழுப்பி, சுமார் அறுபது பேரை வெடிமருந்து சுமக்கவைத்துத் திரும்பி வந்தாள். கோட்டை பிழைத்தது. கூடப் போரிட்ட வீரர்களே கையெழுத்திட்டுச் சொன்ன சாட்சியம் இது.

அன்றைக்கு அந்த விருது பிறக்கவே இல்லை, கவனித்தாயா? பிறந்த பிறகும் பெண் என்பதால் கதவு திறக்கவில்லை. அவளுக்கு அது கிடைத்தது 1851இல், எழுபத்தொன்பது வயதில். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவள்தான். அரசாங்கம் ஐம்பத்தேழு வருடம் தாமதமாக வந்தது. அவள் ஒரு ராத்திரிகூடத் தாமதிக்கவில்லை. நீயோ, போன மாதம் செய்த வேலைக்கு இன்னும் யாரும் பாராட்டவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய்!

இன்னொருவர் இதற்கும் ஒருபடி மேலே போனார். பியர் கியூரி. மனைவி மேரியோடு, கூரை ஒழுகும் கொட்டகையில், டன் கணக்கில் தாதுமண்ணைக் காய்ச்சி வடித்து ரேடியம் உப்பைப் பிரித்தெடுத்த மனிதர். அவருக்கு இதே விருதைத் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். பதக்கம் அணியவேண்டிய தேவை தமக்குக் கடுகளவும் இல்லை, ஆய்வுக்கூடம் ஒன்றுதான் அவசரத் தேவை என்று சொல்லியனுப்பினார். பணிவு என்று இதற்குப் பெயர் வைக்காதே. தன் வேலையின் மதிப்பு தனக்கே தெரிந்தவனின் திமிர் இது. நல்ல திமிர்!

அந்தத் திமிர் உனக்கும் வரட்டும். அடுத்த முறை மேலதிகாரி அறைக்குள் போகும்போது, போன ஆண்டு கைநழுவிய 'சிறந்த ஊழியர்' கேடயத்தைப் பற்றி வாய் திறக்காதே. வேலை நடக்க என்ன மெஷின் வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு போ. மேஜைமேல் வை. கொடுக்கும்வரை கேள்.