நடந்தாரா என்று கேட்கும் முன்

ஹைதராபாத்தின் வடகிழக்கில், குஷாய்குடாவையும் சைனிக்புரியையும் ஒட்டியிருக்கும் ஏ.எஸ்.ராவ் நகர் ஒரு விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு. அணுசக்தித் துறையின் கீழ் 1967-இல் ஈசிஐஎல் என்ற மின்னணுக் கழகத்தைத் தொடங்கி வளர்த்த அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயர் அது. நாட்டின் தொடக்ககாலக் கணினிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், பின்னாளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் என்று செய்து தந்த நிறுவனம் அது. அதன் ஊழியர்களின் குடியிருப்பாகத்தான் இந்த நகர் வளர்ந்தது. செகந்திராபாத் பக்கம் தலைமுறைகளாக இருந்துவரும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய வட்டாரம். இங்கே ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் வீடு கட்டினார்கள். ஒரே காலத்தில் ஓய்வும் பெற்றார்கள். 1970-களில் இருபது வயதுகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இன்று எழுபதைத் தாண்டியிருக்கிறார்கள். தெருக்களே சேர்ந்தாற்போல் மூப்படைகின்றன.

இப்படிப்பட்ட தெருவில் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்தால், முதலில் எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்: சுகர் இருந்ததா? பிபி மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா? வாக்கிங் போவாரா? இந்த விசாரிப்பில் அக்கறை இருக்கிறது. ஒரு தீர்ப்பும் இருக்கிறது. ‘போக மாட்டார்’ என்ற பதில் வந்ததும் கேட்டவர் மனம் கொஞ்சம் ஆறுதல் அடைகிறது. காரணம் தெரிந்துவிட்டது, காரணம் அவரேதான், தினமும் நடக்கிற நமக்கு அது வராது. முதுமையில் உடல்நலம் எந்த அளவுக்கு அவரவர் பொறுப்பு என்ற பெரிய கேள்வியை அந்த ஆறுதல் அவசரமாக மூடிவிடுகிறது.

பொறுப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆய்வு வெளியிட்டார். பணியிடம் ஒன்றே. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துநர் டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். இதய நோய் நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முறையாக அளந்து காட்டிய முன்னோடி ஆய்வு அது.

நடுவயதோடு இந்தக் கதை முடியவில்லை. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோனும் உடன் பணியாற்றியவர்களும் முதியோர் இல்லம் ஒன்றில் சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தசை வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலானது. ‘வயசாயிடுச்சு, இனிமேல் என்ன’ என்ற வார்த்தையை அந்தத் தொண்ணூறு வயதுக்காரர்களின் முன் யாரும் சொல்லிவிட முடியாது.

கேட்கப்படும் முயற்சியும் பெரியதல்ல. 2019-இல் ஐ-மின் லீ குழுவினர், சராசரியாக 72 வயதான 16,741 அமெரிக்கப் பெண்களின் நடையைக் காலடிக் கணக்கில் அளந்தார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் சுமார் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பலரையும் மிரட்டுகிற 10,000 என்ற இலக்கு, 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு, வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியையும் சேர்த்துச் சொல்கிறது. நாற்காலியில் கைபிடிக்காமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது அந்த வகைதான்.

இந்தப் பொறுப்பை யாருக்காக ஏற்கிறோம்? ‘என் உடம்பு, என் இஷ்டம்’ என்பது முழு உண்மையாக இருந்தால் அடுத்தவர் பேச இடமே இல்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவரை முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது யார்? இரவில் கழிப்பறைக்குத் தாங்கி அழைத்துப்போவது யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். அந்த மனைவிக்கும் அநேகமாக எழுபதை ஒட்டிய வயது. அவருடைய முட்டியும் வலிக்கிறது. தவிர்க்கக்கூடிய சுமையை இன்னொருவர் தோளில் ஏற்றாமலிருக்கத் தன்னாலானதைச் செய்வது வெறும் சுயநலக் கணக்கு அல்ல. உடன் வாழ்பவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

அந்தக் கடனுக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கைக்கடிகாரச் செயலி வழியாக அப்பாவின் அடிக்கணக்கைப் பார்த்துவிட்டு, குறைந்த நாளில் போன் போட்டுக் கண்டிக்கும் காலம் இது. எண்பது வயதுக்காரர் தீபாவளியன்று ஒரு ஜாங்கிரி சாப்பிட அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஆபத்தை அறிந்து, ஒரு சின்ன இன்பத்தைத் தெரிந்தே எடுத்துக்கொள்வது வயதுவந்த எவருக்கும் உள்ள உரிமை. முதுமை அந்த உரிமையைப் பறிப்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. எல்லாரும் ஒரே உடம்போடு தொடங்குவதில்லை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வெளியானது. இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த யாஜ்னிக், எடை குறைந்து பிறக்கும் நம் குழந்தைகளிடம்கூடத் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பீட்டளவில் கூடியும் இருப்பதைக் காட்டினார். தாயின் வயிற்றில் கிடைத்த ஊட்டம் பிற்கால நீரிழிவுக்கு விதையாகலாம் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம். அப்படியானால், ரேஷனும் பற்றாக்குறையும் நிறைந்த 1950-களில் பிறந்தவரின் சர்க்கரை நோயில் ஒரு பங்கு அவர் கண் திறக்கும் முன்பே எழுதப்பட்டிருக்கலாம். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று கணக்கிட்டது. பத்துக் கோடிப் பேரும் ஒரே சமயத்தில் ஒழுக்கம் தவறினார்கள் என்று எந்த நியாயவானும் சொல்ல மாட்டார்.

நேரமும் சமமாகப் பங்கிடப்படவில்லை. 2022 நிலவரப்படி இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 சதவீதமும் ஆண்களில் 42 சதவீதமும் போதிய உடல் உழைப்பின்றி இருப்பதாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் மதிப்பிட்டது. காலை ஆறு மணிக்கு ஓய்வுபெற்ற கணவர் பூங்காவுக்குக் கிளம்பும்போது, மனைவி சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். அதே அடுக்குமாடியில் நான்கைந்து வீடுகளுக்குப் பெருக்கித் துடைக்கும் அறுபது வயதுப் பெண்ணிடம் ‘நடங்கம்மா’ என்று அறிவுரை சொல்வதில் பொருளே இல்லை. அவருக்குத் தேவை ஓய்வும் புரதமும் முட்டிவலிக்கு நல்ல மருத்துவமும்.

தன் பங்கை முழுமையாகச் செய்தவரையும் வெளியுலகம் கைவிடலாம். மகனை இழந்த துயரிலிருந்து மீள, முதுமையில் ஓடத் தொடங்கியவர் ஃபௌஜா சிங். 2000-இல் லண்டன் மாரத்தானை ஓடினார். 2011-இல், குடும்பத்தார் கணக்குப்படி நூறு வயதில், டொரண்டோ மாரத்தானை முடித்தார். எளிய உணவு, நடை, ஓட்டம் என்று தனிமனிதப் பொறுப்புக்கு இலக்கணமாக வாழ்ந்த அவர், 2025 ஜூலை 14 அன்று பஞ்சாபில் தன் சொந்தக் கிராமத்தில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார்.

2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்தார்கள். முதியவர்களை நடக்கச் சொல்லும் நாடு அவர்களை எங்கே நடக்கச் சொல்கிறது? கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ்.ராஜசேகரன், விபத்தில் நொறுங்கியவர்களை நாள்தோறும் பார்த்து, சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நல்ல நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. ஏ.எஸ்.ராவ் நகர் போன்ற பகுதிகளின் பிரதான சாலைகளுக்கு இது நேராகப் பொருந்தும். கடைப்பலகையும் நிறுத்திய பைக்குகளும் நடைபாதையை எடுத்துக்கொண்டால், எழுபது வயதுக்காரர் வண்டிகளுக்கு நடுவே இறங்க வேண்டும். இல்லை, வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். வீட்டிலிருப்பவரைச் சோம்பேறி என்பது அநியாயம்.

ஆகவே பொறுப்பு உண்டு. அது பலரிடம் பிரிந்தும் கிடக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வழி, காலத்தைக் கவனிப்பதுதான். வரப்போகும் நாளைக் குறித்து ஒருவரிடம் பொறுப்பைக் கேட்பது வேறு. போன நாளைச் சொல்லி அவரைத் தண்டிப்பது வேறு. கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்கு 2002-இல் பிரிட்டனின் பொது மருத்துவத்தில் கல்லீரல் மாற்றப்பட்டபோதும், அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கியபோதும் இந்த வேறுபாடு பலருக்குக் குழம்பிப்போனது. கிடைத்தற்கரிய உறுப்பைப் பெறுபவரிடம் ‘இனிக் குடிக்காதீர்கள், அதற்கு நாங்கள் துணை நிற்கிறோம்’ என்று கேட்பது நியாயம். ‘குடித்தவர்தானே, வரிசையில் பின்னால் போகட்டும்’ என்பது மருத்துவரை நீதிபதியாக்கும். அந்த நீதிபதியிடம் தாயின் வயிறு, தொழில், தெரு, துயரம் பற்றிய முழுச் சான்றும் ஒருபோதும் இருக்காது.

காப்பீட்டிலும் இதே சோதனை வருகிறது. அடிக்கணக்கைக் காட்டினால் பிரீமியத்தில் சலுகை தரும் திட்டங்கள் உள்ளன. ஊக்கமாக இருக்கும்வரை அதில் தவறில்லை. மூட்டு தேய்ந்தவர் அதற்காகவே கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தால், நடக்க முடிந்த அதிர்ஷ்டத்துக்குப் பரிசும் முடியாமைக்கு அபராதமும் என்றாகிவிடும். 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, 70 வயது நிரம்பிய எவருக்கும் வருமானம் பாராமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. முன்பு எப்படி வாழ்ந்தீர்கள் என்று அது கேட்பதில்லை. பொதுப்பணத்தின் முறை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பொறுப்பைப் பலரிடம் பிரித்துப் பார்க்கும் இந்தப் பகுப்பு தமிழருக்குப் புதிதல்ல. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் பெரும்பாலும் உண்பவரைப் பார்த்தே பேசுகிறது: முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்து, அளவோடு உண்ணச் சொல்கிறது. நோய் வந்தபின் பேச்சு மருத்துவர் பக்கம் திரும்பி, காரணத்தை ஆராய்ந்து தீர்க்கச் சொல்கிறது. கடைசிக் குறளில் மருத்துவம் நான்காகப் பிரிகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். நோயாளியின் பெயர் முதலில் வருகிறது, அவரோடு முடிந்துவிடுவதில்லை.

இதன்படி ஒரு தெரு என்ன செய்யலாம்? குடியிருப்போர் சங்கம் யோகா தினம் கொண்டாடும் அதே அக்கறையோடு, நடைபாதையை மீட்க மாநகராட்சிக்கு மனு எழுதலாம். காலை நடையில் ஒரு நாள் கணவர் என்றால் மறுநாள் மனைவி என்று வீடு பிரித்துக்கொள்ளலாம். அந்த நாளில் சட்னி அரைப்பது கணவர் வேலை. பிள்ளைகள் போனில் அடிக்கணக்கு கேட்பதைவிட, விடுமுறைக்கு வரும்போது குளியலறையில் பிடிகம்பி பொருத்திவிட்டுப் போகலாம்.

நடக்காமலே இருந்துவிட்ட ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால், கவனிக்க வேண்டியது அடுத்த சில மாதங்கள். கை கால்களின் இயக்கம் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக மீள்கிறது. பயிற்சி அப்போது தவறாமல் நடக்க வேண்டும். நோயாளி அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அதை அவரிடம் உரிமையோடு கேட்கலாம். பிசியோதெரபிஸ்டிடம் அவரை யார் அழைத்துப்போவது, லிஃப்ட் இல்லாத மாடியிலிருந்து எப்படி இறக்குவது, மனைவி வாரத்தில் ஒரு மாலையாவது வெளியே போய்வர யார் வந்து உடனிருப்பது என்பதை அக்கம்பக்கத்தார் அந்த முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.